காவல் எனும் கடன்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்க விரும்புகிறவர் முதலில் ஊர்க் காவல் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். நன்னடத்தைக்குச் சான்று சொல்ல ஆட்களைக் காட்ட வேண்டும். பின்னணி விசாரணையில் தேற வேண்டும். 30 நாட்களுக்குள் காவல்துறை முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். 2015 ஏப்ரலில் தென் ஜெர்சியின் சிறிய ஊர் ஒன்றில் ஒரு பெண் இப்படி விண்ணப்பித்தார். முன்னாள் துணைவனால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சி, நீதிமன்றத் தடையாணை பெற்று, வீட்டைச் சுற்றிக் கண்காணிப்புக் கேமராவும் பொருத்தியிருந்தவர் அவர். 30 நாட்கள் கடந்தும் அனுமதி வரவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில், அவருடைய வீட்டு வாசலிலேயே அந்த ஆள் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான்.

எல்லாருடைய உயிரையும் காக்க இயற்றிய சட்டம், அதற்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்த ஒருத்தியைக் கைவிட்டுவிட்டது. தவறு சட்டத்தின் கடுமையில் இருக்கிறதா? அல்லது, கடுமையைச் சட்டத்தில் எழுதிவைத்தவர்கள் அதனோடு சேர்ந்து வரும் கடமையை எழுதாமல் விட்டதில் இருக்கிறதா?

கடுமைக்கு வலுவான நியாயம் உண்டு. 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். ஒரு லட்சம் பேருக்கு இத்தனை மரணம் என்று கணக்கிட்டால், கட்டுப்பாடு தளர்ந்த மிசிசிப்பியில் அது 33.9, நியூ ஜெர்சியில் 5.2, மாசசூசெட்ஸில் 3.4. வறுமை, மருத்துவ வசதி, ஊரமைப்பு என்று மாநிலத்துக்கு மாநிலம் பலவும் மாறுபடுவதால், இந்த வேறுபாடு முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஒரே மாநிலத்தின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவது இன்னும் நம்பகமான அளவுகோல். வாங்குவதற்கு முன் உரிமம் வேண்டும் என்ற சட்டத்தை மிசோரி 2007-இல் நீக்கியது. அதன் பிறகு அங்கே துப்பாக்கிக் கொலைகள் கணிசமாக உயர்ந்ததாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். அதே வகைச் சட்டத்தை 1995-இல் கொண்டுவந்த கனெக்டிகட்டில் அவை குறைந்ததையும் அவர்கள் பதிவு செய்தனர்.

இன்னொரு உண்மை அதிகம் பேசப்படுவதில்லை. அந்த 48,830 மரணங்களில் 26,328 தற்கொலைகள். மனம் உடைந்துபோன ஒருவருக்கு அந்த இருண்ட வேளை கடந்துபோகும். தப்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்த வேளை கடந்துபோக வாய்ப்பே கிடைக்காது. ஆகவே, தென் ஜெர்சிப் பெண்ணுக்குத் தீங்காக முடிந்த அதே காத்திருப்பு, வேறொரு வீட்டில் வேறொருவருடைய உயிரை ஓசையின்றிக் காப்பாற்றியிருக்கக்கூடும். கைவிடப்பட்டவரின் முகத்தை நாளிதழில் பார்க்கிறோம். காக்கப்பட்டவர் இன்னார் என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. முகம் தெரிந்த ஓர் உயிருக்காகக் கலங்கும் மனம், முகம் தெரியாத உயிர்களைக் கணக்கில் சேர்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

துப்பாக்கி இருந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்பாரும் உண்டு. பிழைத்திருக்கலாம், அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வன்முறை நிறைந்த உறவுகளில் துப்பாக்கி பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடிக்கும் ஆணுக்குத் துப்பாக்கி கிடைத்தால் பெண் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று 2003-இல் வெளியான, பல நகரங்களைத் தழுவிய ஆய்வு ஒன்று காட்டியது. எல்லாக் கைகளுக்கும் எளிதாகக் கிடைக்கும் ஆயுதம் முதலில் சென்று சேர்வது அஞ்சுகிறவரிடம் அல்ல, அச்சுறுத்துகிறவரிடம்.

எனவே கட்டுப்பாடு தேவை. ஆனால் அதன் பாரம் யார் தோளில் இறங்குகிறது? நியூ ஜெர்சியில் குற்றங்களில் பிடிபடும் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பான்மை வெளிமாநிலங்களிலிருந்து வந்தவை. ஜார்ஜியாவிலும் கரோலினாக்களிலும் பினாமி ஒருவர் பெயரில் வாங்கப்படும் கைத்துப்பாக்கி, 95-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே காரின் பின்பெட்டியில் வடக்கே போகிறது. அந்தக் கடத்தல் பாதைக்கு ‘இரும்புக் குழாய்’ என்றே பெயர். அதில் வருகிற துப்பாக்கியை வாங்குபவன் கைரேகை கொடுப்பதில்லை, 30 நாள் காத்திருப்பதும் இல்லை. மாநிலச் சட்டத்தின் கடுமையை முழுவதும் அனுபவிப்பவர் சட்டத்தை மதித்து வரிசையில் நிற்பவர்தான். இது சட்டத்தைக் கைவிடக் காரணமாகாது. நாடு முழுவதற்கும் பொதுவான விதி வேண்டும் என்பதற்கே காரணமாகும். அந்த விதி வரும்வரை, சாமானியர்மேல் விழும் பாரத்துக்கு மாநிலம் பொறுப்பேற்க வேண்டும்.

பாரம் சமமாக விழுவதும் இல்லை. 2013-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு கறுப்பினத் தாய், தன் மாநிலத்தில் முறையாக உரிமம் பெற்ற துப்பாக்கியுடன் நியூ ஜெர்சி எல்லைக்குள் காரில் வந்தார். சாலையில் நிறுத்திய காவலரிடம் தாமாகவே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். அந்த உரிமம் எல்லை தாண்டினால் செல்லாது என்பது அவருக்குத் தெரியாது. யாரையும் மிரட்டாத அவர், ஆண்டுக்கணக்கான கட்டாயச் சிறைத்தண்டனையை எதிர்நோக்கினார். 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அந்த வழக்கின் நிழல் முற்றிலும் நீங்கியது. ஆளுநரின் கருணை வந்து திருத்த வேண்டிய அளவுக்கு ஒரு சட்டம் எழுதப்பட்டிருந்தால், அதில் நீதி குறைந்திருக்கிறது என்றே பொருள்.

யாருக்கு உரிமம் என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு சான்று. 1956-இல் அலபாமாவின் மாண்ட்கமெரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. அதன் பின் அவர் துப்பாக்கி உரிமம் கேட்டபோது அதிகாரிகள் மறுத்தனர். 1911-இல் பிறந்த நியூயார்க்கின் சல்லிவன் சட்டத்தின் வழிவந்த, அதிகாரியின் விருப்பத்தைச் சார்ந்திருந்த உரிம முறையை 2022-இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் செல்லாது என்றது. அந்த வழக்கில் துப்பாக்கி உரிமையின் பக்கம் நின்றவர்களில், பிராங்க்ஸிலும் புரூக்ளினிலும் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்களும் இருந்தனர். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்தான் என்பது அவர்களுடைய முறையீடு. தீர்ப்புக்குப் பின், அதே 2022-இல் நியூ ஜெர்சி தன் சட்டத்தைத் திருத்தியபோது, ஆயுதம் ஏந்திச் செல்லும் அனுமதிக்கான கட்டணத்தை 50 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தியது. கட்டணம் ஏறினால் ஆபத்தானவர் தடுக்கப்படுவதில்லை, பணமில்லாதவர்தான் தடுக்கப்படுகிறார்.

இந்தக் கேள்வியின் அடிவேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1999-இல் கொலராடோவின் காஸில் ராக் நகரில், தடையாணை பெற்றிருந்த ஒரு தாயின் மூன்று மகள்களையும் கணவன் கொண்டுபோனான். அன்று மாலை முழுவதும் அவர் காவல்துறையை மீண்டும் மீண்டும் அழைத்தார். யாரும் தேடிப் போகவில்லை. மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டனர். தடையாணையைக் காவல்துறை செயல்படுத்தியே தீர வேண்டும் என்று கேட்க அவருக்கு அரசியல் சட்ட உரிமை இல்லை என 2005-இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்று தீர்ப்பளித்தது. ஆக, ஒரு பக்கம் அரசு, “நீயாக ஆயுதம் எடுக்காதே, காத்திரு” என்கிறது. மறுபக்கம், “உன்னைக் காக்கும் கடமை எனக்குச் சட்டப்படி இல்லை” என்கிறது. இவ்விரண்டையும் ஒரே குடிமகளிடம் ஒருசேரச் சொல்வது அறம் ஆகாது.

தற்காப்புக் கருவியைக் குடிமக்களிடமிருந்து விலக்கிவைக்கும் நாளிலேயே அரசு ஒரு கடன் படுகிறது; அந்தக் கடன் காவல். கடனைத் தீர்க்கும் வழிகள் தெரியாதவையும் அல்ல. சட்டம் தனக்குத் தானே விதித்த கெடுவை அதிகாரிகள் மீறினால் அவர்களைப் பொறுப்பாக்க வேண்டும். கொலை மிரட்டலுக்கு உள்ளானவரின் விண்ணப்பத்தை முதலில் எடுக்க வேண்டும். அதற்கான முயற்சியை அந்தப் பெண்ணின் மரணத்துக்குப் பின்னரே நியூ ஜெர்சி தொடங்கியது. அனுமதி தருவதும் மறுப்பதும் எழுதப்பட்ட அளவுகோல்படி நடக்க வேண்டும். விதி தெரியாமல் தவறியவரையும் ஆயுதம் விற்றுப் பிழைப்பவரையும் ஒரே தண்டனையில் நிறுத்தக் கூடாது. தடையாணை பிறந்த அன்றே, மிரட்டியவன் வீட்டிலிருக்கும் துப்பாக்கியைக் கைப்பற்றக் காவலர் செல்ல வேண்டும்.

சட்டப் புத்தகத்தால் மட்டும் அச்சம் தீராது என்பதற்கு அதே மாநிலத்தின் கேம்டன் நகரம் சாட்சி. கடுமையான சட்டம் பல பத்தாண்டுகளாக இருந்தும் 2012-இல் அந்தச் சிறு நகரில் 67 கொலைகள் நடந்தன. மறு ஆண்டு நகரக் காவல்துறை கலைக்கப்பட்டு மாவட்ட அளவில் புதிய படை அமைந்தது. காவலர்கள் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஐந்தாண்டுகளில் கொலைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், மாறியது துப்பாக்கிச் சட்டத்தின் அடிப்படை அல்ல.

சட்டத்தைத் தளர்த்தச் சொல்பவர்கள் முகம் தெரியாத ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடுமையாக்கச் சொல்பவர்கள், சட்டத்தை நம்பிக் காத்திருந்தபோது கொல்லப்பட்ட அந்த ஒருத்திக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் முதலாவது பொறுப்பே பெரிது. ஆகவே கட்டுப்பாடு நிலைக்க வேண்டும். ஆனால் பெரிய பொறுப்பைக் காட்டிச் சிறியதைத் தள்ளுபடி செய்ய அரசுக்கு உரிமை கிடையாது. “காத்திரு” என்று ஆணையிடும் அதிகாரம், காத்திருப்பவரின் வாசலில் காவல் நிற்கும் அரசுக்கே உண்டு.