துலாதாரனின் கடை

மகாபாரதத்துச் சாந்தி பருவத்தில் ஜாஜலி என்றொரு தபஸ்வியின் கதை வருகிறது. அசையாமல் நின்று தவம் புரிந்த அவருடைய ஜடாமுடியில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்து போன பிறகு, தர்மத்தை எய்திவிட்டோம் என்று அவர் உள்ளத்தில் கர்வம் எழ, காசியில் வாணிகம் செய்யும் துலாதாரனுக்கு நீ ஈடாக மாட்டாய் என்று ஒரு குரல் அவருக்குக் கேட்டது. தேடிப் போன முனிவர் கண்டது ஆசிரமத்தை அல்ல, ஒரு கடையை. மரப்பட்டைகளையும் வாசனைத் திரவியங்களையும் பலவகை ரசங்களையும் பிறரிடம் வாங்கி வஞ்சனையின்றி விற்கிறேன், மதுவை மட்டும் விற்பதில்லை, என் தராசு எல்லா உயிர்களுக்கும் ஒன்றுபோலவே நிற்கிறது என்று அந்த வணிகன் தன் பிழைப்பைச் சொல்லியே அவருக்குத் தர்மோபதேசம் செய்தான்.

துலாதாரனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. மது வேறு, மற்றச் சரக்கு வேறு. ஒன்றை விலக்கிவிட்டால் கடை முழுவதும் சுத்தமாகிவிடும். இன்று வேலூர்ச் சத்துவாச்சாரியில் மருந்துக்கடை நடத்துகிற ஒருவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. புற்றுநோய்க்காரனை ஓரிரவு தூங்க வைக்கிற பொருளும், இருபது வயதுப் பையனை ஊசியும் கையுமாக முட்புதருக்குள் உட்கார வைக்கிற பொருளும் ஒரே அட்டையில், ஒரே மாத்திரையில் இருக்கின்றன. கேட்டு வருகிற கையைப் பொறுத்து அது மருந்தாகிறது, அல்லது மதுவாகிறது. அப்படியானால் தராசைச் சமமாகப் பிடிப்பது என்பதன் பொருள் என்ன? எல்லார்க்கும் கொடுப்பது சமமா, எல்லார்க்கும் மறுப்பது சமமா? தர்ம சாஸ்திரத்தில் விசாரிக்கத் தக்க கேள்வி இது. ஆனால் அங்கே விசாரிக்கப் பொழுது இருக்கிறது, கடையில் இல்லை. கேட்டவன் கையில் பணத்துடன் எதிரே நின்றுகொண்டிருக்கிறான்.

அந்தக் கடையின் முன் நிற்பவர்கள் யார் என்று சற்றுப் பார்க்க வேண்டும். கலெக்டர் ஆபீஸும் கோர்ட்டு வளாகமும் இருக்கிற ஊர்; சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை நடுவே போகிற ஊர். ஷூ கம்பெனி வேன்களில் இறங்கி வருகிற, நாளெல்லாம் மெஷினில் குனிந்து மேல்தோல் தைத்த பெண்கள் வருகிறார்கள். டேனரியில் ஈரத்தோல் சுமந்து இடுப்பு விட்டுப்போன ஆண்கள் வருகிறார்கள். சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், தமிழ் தெரியாமல் சீட்டை மட்டும் நீட்டுகிறார்கள். இவர்களுக்கு நடுவில், மாலை மங்கிய பிறகு, பைக்கை சர்வீஸ் ரோட்டில் ஸ்டார்ட்டிலேயே நிறுத்திவிட்டு ஒரு பையன் வருகிறான். "அண்ணா, முதுகு வலிண்ணா, ஒரு அட்டை குடுங்கண்ணா" என்கிறான். மாத்திரையின் பெயரையும் அதன் மில்லிகிராமையும் பிசகாமல் சொல்கிறான். சீட்டு கேட்டால், மடிப்புகளில் கிழிந்த ஒரு ஜெராக்ஸ் தாளை எடுக்கிறான். டாக்டர் பெயர் தெரிகிறது, தேதி தெரியவில்லை.

சட்டம் இங்கே மௌனமாக இல்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, அட்டவணை எச்-இல் அடங்கிய மருந்தை மருத்துவரின் சீட்டின்றிக் கொடுக்கக் கூடாது. கொடுத்த சீட்டில் கடையின் பெயரும் தேதியும் குறிக்க வேண்டும். மருத்துவர் எழுதியிருந்தாலன்றி அதே சீட்டுக்கு மறுமுறை கொடுக்கலாகாது. 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணைக்கு, எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைக் குறிக்கும் தனி நோட்டு வேண்டும். அதை மூன்றாண்டு காக்க வேண்டும். டிராமடால் என்னும் வலிமருந்து 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழேயே வந்தது. ஒன்றைக் கட்டியதும் மற்றொன்று அவிழ்ந்துகொண்டது. டேபென்டடால் என்ற பெயர், முன்பு மருத்துவர்களுக்கு வெளியே ஒருவரும் கேட்டறியாதது, இன்று தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பழகிய சொல்லாகிவிட்டது. மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் மாண்டு போன செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. பல மாவட்டங்களில் மருந்துக்கடைதோறும் கண்காணிப்புக் கேமரா வைக்கும்படி ஆணை பிறந்திருக்கிறது.

சீட்டில்லாதவனுக்கு மறுப்பது என்னும் மட்டில் கேள்வி எளிது. விதி முடிவு செய்துவிடுகிறது. சீட்டோடு வருகிறவனிடத்தில்தான் உண்மையான சங்கடம் தொடங்குகிறது. சீட்டு சரியாக இருக்கலாம், ஆள் சரியாகப் படாதிருக்கலாம். அல்லது ஆளின் முகத்தில் வேதனை எழுதியிருக்க, சீட்டில் குறை இருக்கலாம். பிறன் வலி நமக்குப் பிரத்யட்சம் அன்று. அது அனுமானத்தால் மட்டுமே அறியப்படுவது. முகச்சுளிப்பு, நடை, குரல் என்ற அடையாளங்களைக் கொண்டு உள்ளே வலி உண்டென்று ஊகிக்கிறோம். அந்த அடையாளங்கள் அனைத்தையும் நடிக்க முடியும் என்பதும், உண்மையான வலியுடையவன் பலகாலம் பழகிப்போய் ஓர் அடையாளமும் காட்டாமல் நிற்கக்கூடும் என்பதும் இத்தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்தவை. அதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு: போதைக்கு அடிமையானவனுக்கும் வலி இருக்கிறது. மாத்திரை கிட்டாத நாளில் அவன் எலும்பெல்லாம் நோகிறது என்பது பொய்யன்று. நடிக்க வந்தவனென்று நாம் நினைத்தவன், தான் சொன்ன காரணத்தில் மட்டும் பொய்யனாகவும், வேதனையில் மெய்யனாகவும் இருக்கக்கூடும்.

நியாய தரிசனத்தின் ஆசிரியராகிய கௌதமர், அறிய வேண்டிய பதினாறு பதார்த்தங்களை எண்ணும்போது, பிரமாணத்துக்கும் பிரமேயத்துக்கும் அடுத்து மூன்றாவதாகச் சம்சயத்தை, அதாவது சந்தேகத்தை, வைத்தார். சந்தேகத்தை அவர் அறிவின் குற்றமாகத் தள்ளவில்லை. விசாரணைக்கு வாசலாக வைத்தார். நிச்சயமாகத் தெரிந்ததிலும் நியாயம் புகாது, அறவே தெரியாததிலும் புகாது, சந்தேகத்துக்குரிய பொருளிலேயே புகும் என்பது அந்த மரபினர் கொள்கை. மருந்து கொடுப்பவருக்கு இதைவிட நெருங்கிய தத்துவம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சந்தேகம் வந்த கணத்தில் அவருடைய கடமை முடிந்துவிடுவதில்லை, அப்போதுதான் ஆரம்பமாகிறது.

ஆனால் கடைகளில் சந்தேகம் வந்தவுடன் என்ன நடக்கிறது? "ஸ்டாக் இல்லப்பா" என்ற ஒரு வார்த்தை பிறக்கிறது. அதைச் சொல்லும் குரலில் கோபம் இல்லை, அவமதிப்பு இல்லை. கண் மட்டும் கேட்டவனைப் பார்க்காமல் பில் புத்தகத்துக்குத் தாழ்கிறது. அட்டை பின்னால் மூன்றாம் தட்டில் இருக்கிறது. இந்தப் பொய்யைத்தான் நான் விசாரிக்க விரும்புகிறேன். ஏனெனில் நல்லவர்கள் சொல்லும் பொய் இது. லாபத்துக்காக விற்கிறவன் இதைச் சொல்வதில்லை. மனசாட்சி உள்ளவர், வம்பு வேண்டாமென்று, அந்தப் பையன் இந்தக் கடையிலாவது விஷம் வாங்காமல் போகட்டுமென்று இதைச் சொல்கிறார்.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்றார். அந்த அனுமதியை நம் கடைக்காரர் தமக்கு உரியதாகக் கொள்ளலாமா? கூடாது என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பொய்யினால் விளைந்த நன்மை யாருக்கு? பையன் அடுத்த கடைக்குப் போகிறான். அங்கேயும் இல்லையென்றால் வேற்று மாநிலத்திலிருந்து மொத்தமாக வாங்கிக் கொண்டுவந்து விற்பவனிடம் போகிறான். அவன் நோயை ஒருவர் கண்டுகொண்டார் என்பதுகூட அவனுக்குத் தெரியாமல் போகிறது. இனி மறுபக்கம்: வந்தவர் வங்காளத்திலிருந்து தகப்பனின் புற்றுநோய்க்காகக் கையெழுத்திட்ட சீட்டுடன் வந்த மகனாக இருந்தால், இல்லாத ஸ்டாக்கைத் தேடி அவர் இரவெல்லாம் வேலூர்த் தெருக்களில் அலைகிறார். இரண்டு பேருக்கும் தீங்கு. நன்மை ஒன்றே ஒன்று, சொன்னவருக்கு வந்த நிம்மதி. தன் நிம்மதிக்காகச் சொன்ன பொய் வள்ளுவரின் விதிவிலக்குக்குள் அடங்காது.

மறுப்பினால் வரும் தீங்கு அற்பமானதன்று என்பதற்கு நம் தேசத்துச் சரித்திரமே சாட்சி. அபினி விளைவித்து மருந்துக்காக உலகுக்கு அளிக்கிற நாடு நாம். அப்படியிருந்தும் 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, கெடுபிடிகளுக்கும் தண்டனைக்கும் அஞ்சி மருத்துவமனைகளும் மருந்தகங்களும் அபினியிலிருந்து எடுக்கும் வலிமருந்தாகிய மார்ஃபினை வைப்பதையே கைவிட்டன. பன்னிரண்டே ஆண்டுகளில் அதன் உபயோகம் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஒரு தலைமுறைப் புற்றுநோயாளிகள் கதறிக்கொண்டே செத்தார்கள். கேரளத்து மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் பல்லாண்டு வாதாடிய பின்னர் 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஒருவரும் தீமை செய்ததாக எண்ணிக்கொள்ளவில்லை. எல்லாரும் ஜாக்கிரதையாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

வலியைப் பொறுத்துக்கொள்வதே புண்ணியம் என்று பேசுகிறவர்கள் நம் சமயங்கள் அனைத்திலும் உண்டு. அவர்களுக்கு அப்பர் சுவாமிகளின் சரிதத்தை நினைவூட்ட வேண்டும். சமண மடத்தில் தருமசேனராக வீற்றிருந்தவருக்குச் சூலை நோய் வந்தது. குடலைக் குடைந்த அந்த வேதனையே அவரைத் தமக்கை திலகவதியாரிடமும் திருவதிகை ஈசனிடமும் கொண்டு சேர்த்தது. ஆகவே சூலை அருளே என்று சைவர்கள் சொல்வது நியாயந்தான். ஆனால் அப்பர் அங்கே செய்த முதற் பிரார்த்தனை என்ன? பொறுமை கொடு என்றா? பொறுக்க முடியவில்லை, நீக்கு என்றே கேட்டார், நீங்கிற்று. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் பெரியவர்கள் அறிந்த ஃபிக்ஹு நெறி இதே விஷயத்தை வேறு வழியில் அணுகுகிறது: நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும், ஆனால் அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே ஆகுமாக்கும். இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதலாவதைச் சொல்லக் கூடாது. கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, எழுதிய நாட்களுக்கு வேண்டிய மாத்திரைகளை மட்டும் எண்ணிக் கொடுக்கிற கடைக்காரர் அந்த இரண்டாம் வாக்கியத்தைக் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளர்களின் கைகளை அறுவை சிகிச்சையால் மீட்டுக் கொடுத்த டாக்டர் பால் பிராண்ட், வலியைப் பற்றி இந்த மண்ணில் கண்ட உண்மை உலகம் முழுவதும் பரவியிருக்கிறது: விரல்கள் கெடுவது, வலி தெரியாமையால் புண்ணையும் சூட்டையும் உணராமல் கையைப் புழங்குவதாலேயே. வலி ஒரு கொடை என்றார் அவர். அந்தக் கண்ணோடு பார்த்தால் சந்தேகமே எழாத வேறொரு துர்ப்பிரயோகம் நம் எதிரே நிற்கிறது. ஷூ கம்பெனிப் பெண்மணி ஒருத்தி தினந்தோறும் வந்து, "அண்ணா, வலி மாத்திரை ரெண்டு" என்று சில்லறையை வைக்கிறாள். அவள் கேட்பது போதை மாத்திரை அல்ல, டைக்ளோஃபினாக். அதுவும் சீட்டின்றிக் கொடுக்கக் கூடாததே என்றாலும் ஒருவரும் கேட்பதில்லை. நாளைக்கும் மெஷினில் உட்கார வேண்டும் என்பதற்காக அவள் தன் உடம்பின் எச்சரிக்கையை அணைத்து வைக்கிறாள். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் பின்னால் வருகின்றன. பைக்கில் வந்த பையனைப் பார்த்துச் சுருங்கிய புருவம் இவளைப் பார்த்து ஏன் சுருங்கவில்லை? அவனால் நமக்கு வழக்கு வரும், இவளால் வராது. சந்தேகம் தர்மத்திலிருந்து பிறக்கிறதா, அச்சத்திலிருந்து பிறக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல உரைகல் இல்லை.

செய்தவன், செய்வித்தவன், தூண்டியவன், உடன்பட்டவன் ஆகிய நால்வரும் வினையில் பங்காளிகள் என்று வடமொழிச் சுபாஷிதம் ஒன்று கூறும். இவ்விஷயத்தில் பங்கு வெகு தூரம் போகிறது. டேபென்டடாலைத் தசை தளர்த்தும் கரிசோப்ரடாலோடு கலந்து மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களுக்கு ஏற்றுமதி செய்த செயலை பி.பி.சி. வெளிப்படுத்திய பிறகே, 2025 பிப்ரவரியில் மத்திய அரசு அந்தக் கலவையின் உற்பத்தியையும் ஏற்றுமதியையும் தடுத்தது. அமெரிக்காவில் 2021 நவம்பரில் ஒஹாயோ மாநிலத்து ஜூரிகள், மூன்று பெரிய மருந்துக்கடைக் கம்பெனிகள் வலிமாத்திரைகளைக் கண்மூடி வழங்கியதற்குப் பொறுப்பாளிகள் என்றனர். 2024 டிசம்பரில் அம்மாநிலத்து உச்ச நீதிமன்றம் அவ்வகை வழக்குக்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. சட்டத்தின் கதவு திறந்து மூடியது. வினைப்பங்கு அதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம் ஊரிலோ, பார்மசிஸ்ட்டின் சர்டிபிகேட் சுவரில் தொங்க, அவர் வேறெங்கோ வேலை பார்க்க, பத்தாவது படித்த பையன் மருந்தெடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. அங்கே சந்தேகப்படவே ஆள் இல்லை. அந்தச் சர்டிபிகேட்டை வாடகைக்கு விட்டவர் நால்வரில் யார் என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து இயற்றுவான் என நான்கு கூறு வகுத்தார். நான்காமவனைக் கூலியாளாக அவர் எண்ணவில்லை. மற்ற மூவரோடு நிரையில் வைத்தார். நம் கடைக்காரர் அந்த நான்காமவர். ஆகையால் சந்தேகம் வந்தபோது சீட்டெழுதிய மருத்துவருக்கு அவர் போன் போட்டுக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று, உரிமை. மருத்துவர் எரிந்து விழுந்தாலும் கேட்கத்தான் வேண்டும். சீட்டு மெய்யானால் முகம் எப்படியிருந்தாலும் கொடுக்க வேண்டும். பொய்யானால், ஸ்டாக் இருக்கிறது, உனக்குக் கொடுக்க மாட்டேன், ஏனென்றால் இது உன்னைக் கொன்றுவிடும் என்று பயப்படுகிறேன் என்பதை அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். சொல்வது எளிதன்று, மாத்திரை மறுத்த கடைக்காரர்களைத் தாக்கிய செய்திகளும் தமிழ்நாட்டில் வந்திருக்கின்றன. இரவில் தனியாக நிற்கும் ஒருவரை இப்படிப் பேசச் சொல்லுகிற நாம், அவர் கூப்பிட்டால் போலீஸ் உடனே வருவதற்கும், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து வருவதற்கும் வழி செய்யக் கடமைப்பட்டவர்கள். அதன் பிறகும் ஒரு வார்த்தை மிச்சமிருக்கிறது. "தம்பி, இத விடணும்னா பாகாயத்துல சி.எம்.சி. மனநல ஆஸ்பத்திரி இருக்கு, அடுக்கம்பாறை ஜி.ஹெச்.லயும் பாக்கலாம், போகக் கூச்சமா இருந்தா 14446க்கு போன் பண்ணு, காசு கிடையாது" என்று பில்லின் பின்புறத்தில் எழுதிக் கொடுக்கலாம். அவன் அதைக் கசக்கி எறிந்துவிட்டுப் போகலாம். மறுநாளும் வருவான், மறுநாளும் எழுதித் தர வேண்டியிருக்கும்.