வாடகைக்கு ஜாமீன் நிற்பது யார்?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, செருப்பு அடுக்கின் அருகே ஒரு சகோதரர் என்னை நிறுத்தினார். கிழக்கு லண்டனில் நம்மோடு தொழுகிறவர். உணவு டெலிவரி வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். "ஹஜ்ரத், பணம் வேண்டாம். ஒரு கையெழுத்துதான் வேண்டும்" என்றார். வீட்டு வாடகைக்கு ஜாமீன் கேட்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. "பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்" என்றேன். அந்த இன்ஷா அல்லாஹ்வை நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். "அரசாங்கம்தான் வாடகை கொடுக்கிறதே, பிறகென்ன கஷ்டம்?" என்று நம்மில் பலர் சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். இங்கிலாந்தில் தனியார் வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அரசு தரும் வாடகை உதவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதன் பெயர் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ். 2008இல் நாடு முழுவதும் வந்தபோது, ஒரு பகுதியின் வாடகைகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை வரம்பாக வைத்தார்கள். 2011இல் அதை இறக்கினார்கள். நூறு வீடுகளை மலிவிலிருந்து வரிசையாக நிறுத்தினால் முப்பதாவது வீட்டின் வாடகைதான் வரம்பு என்றார்கள். 2016 முதல் நான்கு ஆண்டுகள் அதையும் உறைய வைத்தார்கள். 2020இல் சரிசெய்து மறுபடி உறைய வைத்தார்கள். 2024 ஏப்ரலில் மீண்டும் சரிசெய்தார்கள். அப்போதும் 2023 செப்டம்பர் வரையிலான வாடகைகளைப் பார்த்துத்தான் தொகையை நிர்ணயித்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஏற்றவில்லை. வாடகை மட்டும் ஏறாமல் நிற்குமா?

இதற்கு மேல் இன்னொரு கூரை இருக்கிறது, பெனிஃபிட் கேப். வேலையில்லாத ஒரு தம்பதி, இரண்டு பிள்ளைகள், லண்டனில் வாசம், நோய் உதவியோ பராமரிப்பு உதவியோ எதுவும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025–26 நிதியாண்டின் கணக்குப்படி, யூனிவர்சல் கிரெடிட்டில் தம்பதிக்கு மாதம் 628 பவுண்ட். பிள்ளைக்கு 293 வீதம் இரண்டு. சைல்ட் பெனிஃபிட் சுமார் 188. ஆக வாழ்க்கைச் செலவுக்கு ஏறத்தாழ 1,401. லண்டனில் மொத்த உச்சவரம்பு மாதம் 2,110. அப்படியானால் வாடகைக்கு மிஞ்சுவது 709 பவுண்ட். லண்டனில் இரண்டு படுக்கையறை வீடு 709க்கா? நீங்களே சிரிப்பீர்கள். வாடகை 1,600 என்று வைத்தால், மீதி 891ஐ சாப்பாட்டுக் காசிலிருந்துதான் எடுக்க வேண்டும். நான்கு உயிர்களுக்கு மிஞ்சுவது 510. அதில்தான் அரிசி, கேஸ், கரண்ட், பஸ், பிள்ளையின் ஷூ எல்லாம்.

வேலைக்குப் போகலாமே என்பீர்கள். போனால் நிலைமை மாறுகிறது என்பது உண்மை. அந்த நிதியாண்டில் குடும்பத்தின் மாத வருமானம் 846 பவுண்டைத் தொட்டுவிட்டால் கேப் பாயாது. செருப்பு அடுக்கருகே நின்ற சகோதரர் அந்த நிலையில் உள்ளவர்தான். அவர் உழைக்கிறார், வரி கட்டுகிறார், அதோடு வாடகை உதவியும் பெறுகிறார். "பெனிஃபிட் குடும்பம்" என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் இவரும் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் சகோதரியும் இருக்கிறார், பக்கவாதம் வந்த மனிதரும் இருக்கிறார். இன்னொன்றையும் சொல்லட்டும். அந்த வாடகைப் பணம் குடியிருப்பவரின் கணக்கில் ஒரு ராத்திரி தங்குகிறது, மறுநாள் வீட்டுக்காரரின் கணக்குக்குப் போய்விடுகிறது. பெனிஃபிட் வாங்குபவர் என்ற பெயர் மட்டும் குடியிருப்பவருக்கு.

சரி, துண்டு விழும் பணத்தை இந்தக் குடும்பங்கள் எப்படித்தான் சமாளிக்கின்றன? பெரும்பாலும் வயிற்றைக் கட்டித்தான். அம்மா "எனக்குப் பசியில்லை" என்கிறாள். ஒரே அறையில் எல்லோரும் படுக்கிறார்கள். லண்டனை விட்டு தூரத்து ஊருக்குப் போகிறார்கள், பிள்ளைகள் நடுவருடத்தில் பள்ளி மாறுகிறார்கள். கவுன்சிலிடம் கூடுதல் உதவிக்கு மனுப் போடுகிறார்கள். சிலர் மச்சானிடம் கடன் வாங்குகிறார்கள், அந்தக் கடனால் பெருநாளைக்கும் அவர் வீட்டுக்குப் போக முடியாமல் ஆகிறது. இன்னும் சிலர் கையில் காசாக வாங்கும் வேலையைக் கணக்கில் காட்டாமல் விடுகிறார்கள். இதை நான் ஆகுமென்று சொல்ல மாட்டேன். படிவத்தில் கையெழுத்திட்டுச் சொல்வது ஒரு வாக்கு, அதை மீறுவது பொய். ஆனால் அந்தப் பொய்யைக் கண்டிக்கும் நாம், அதற்கு முந்தைய நாள் அந்த மனிதர் எத்தனை கதவுகளைத் தட்டினார் என்று கேட்டோமா?

அந்தக் கதவுகளில் சில நம்முடையவை. நம் ஜமாஅத்தில் இரண்டு வீடு, மூன்று வீடு வைத்திருக்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். "நோ டி.எஸ்.எஸ்." என்று விளம்பரம் போடுவார்கள். அந்த டி.எஸ்.எஸ். என்ற அரசுத் துறை 2001லேயே கலைந்துவிட்டது, சொல் மட்டும் சாகவில்லை. இப்படிப் பொத்தாம் பொதுவாக மறுப்பது சட்டவிரோதமான பாகுபாடு என்று 2020இல் யார்க் நகரின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுக்கப்படுபவர்களில் பெண்களும் ஊனமுற்றவர்களும் அதிகம் என்பது அதன் காரணம். 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், உதவி பெறுகிறார் என்பதற்காகவோ பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவோ வீடு மறுப்பதைத் தடை செய்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்பதையும் தடுக்கிறது.

வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு, அதன் தவணையையும் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இரண்டு மாத வாடகை நின்றால் அவரும் தடுமாறுவார். யூனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணம் கைக்கு வரவே ஐந்து வாரம் ஆகும். அவருடைய பயத்தில் உண்மை இருக்கிறது. வாடகை பாக்கி சேர்ந்தால் உதவித் தொகையை நேரடியாக வீட்டுக்காரருக்கே அனுப்பச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அது பயத்தைக் கொஞ்சம் குறைக்கும், முழுதாகப் போக்காது.

ஆகவேதான் ஜாமீன் என்ற பேச்சு வருகிறது. சட்டம் ஒரு கதவைத் திறந்தால், ஏஜென்சி இன்னொன்றைச் சாத்துகிறது. ஜாமீன் நிற்பவரின் ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் 36 மடங்கு வேண்டும் என்று சில ஏஜென்சிகள் கேட்கின்றன. 1,600 வாடகைக்கு 57,600. டெலிவரி ஓட்டும் மனிதரின் நண்பர்களும் டெலிவரிதான் ஓட்டுகிறார்கள். அத்தனை சம்பளம் வாங்குபவர் அவருக்கு எங்கே அறிமுகமாவார்? பள்ளிவாசல் ஸஃப்பில்தான். தோளோடு தோள் உரசி நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அவருக்காகக் கையெழுத்துப் போட நீங்கள் கடமைப்பட்டவரா?

கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்குத் தாம் பொறுப்பு என்று ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். இதை நாம் கடனின் கடுமையைச் சொல்லத்தான் எப்போதும் எடுக்கிறோம். அபூ கதாதாவின் பக்கம் நின்று பார்ப்பதில்லை. திருப்பித் தர முடியாத ஒருவருக்காக அவர் வாய் திறந்தார். அந்த வார்த்தையின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடனைக் கட்டவும் செய்தார்.

ஆகவே, கொடுக்க முடியாததற்கு ஜாமீன் நிற்காதீர்கள் என்றும் நான் சொல்லியாக வேண்டும். அது வெறும் சிபாரிசுக் கடிதம் அல்ல. எழுத்தில் எல்லை போடாவிட்டால், பாக்கி எவ்வளவு வளர்ந்தாலும் உங்களிடம் வரலாம், வாடகை உயர்ந்தால் அதுவும் சேரலாம். உங்கள் பிள்ளைகளின் சோற்றை இன்னொருவருக்காகப் பணயம் வைப்பதற்கு தியாகம் என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. "இத்தனை பவுண்ட் வரை, இந்தத் தேதி வரை" என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் நீங்களும் மறுக்கலாம்.

அதே வரலாற்றின் பின்பகுதியை நாம் அதிகம் சொல்வதில்லை. வெற்றிகள் கிடைத்துச் செல்வம் வந்த பிறகு, ஒன்றும் விட்டுச் செல்லாமல் கடனோடு இறப்பவரின் கடனைத் தாமே பொறுப்பேற்பதாக நபியவர்கள் அறிவித்தார்கள். ஒரு தனிமனிதர் சுமந்தது பொதுப் பொறுப்பாக மாறியது. ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவுகளில் கடனாளியும் ஒருவர். நம் பைத்துல்மாலில் ரமளானில் சேர்வது எவ்வளவு, அதில் கார்ப்பெட்டுக்குப் போவது எவ்வளவு என்று நிர்வாகிகளைக் கேளுங்கள். ஸகாத்தைத் தொட வேண்டாம், ஸதகாவிலிருந்தே ஒரு சிறு நிதி ஒதுக்கினால், ஜாமீன் நின்ற சகோதரருக்கு இழப்பு வரும்போது அதைப் பகிர்ந்துகொள்ள முடியும். ஒருவர் 1,600ஐ இழப்பதும் எண்பது பேர் ஆளுக்கு 20 கொடுப்பதும் பணத்தில் ஒன்றுதான்.

அந்தச் சகோதரருக்கு நான் ஜாமீன் நிற்க முடியவில்லை. என் சம்பளம் அவர்கள் கேட்ட கணக்குக்குப் பாதிகூட வராது. அதை அன்றே சொல்லியிருக்கலாம். வெட்கத்தால் இன்ஷா அல்லாஹ்வின் பின்னால் ஒளிந்துகொண்டேன். பத்து நாள் கழித்துச் சொன்னேன், பிறகு இரண்டு பேரிடம் பேசினேன். அவர்களில் ஒருவர் சம்மதித்தார். நான்கு மாத வாடகை வரை, ஒரு வருடத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்கினோம். கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டார்: "ஹஜ்ரத், இவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பக்கத்தில்தானே தொழுகிறார், எத்தனை வருஷமா?"

ஆறு வருடம் என்றார் அந்தச் சகோதரர்.