திறந்த புத்தகம்



ஆங்கிலத்திலே ஒரு சொல்வழக்கு உண்டு. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத மனுஷனை ‘ஓபன் புக்’ என்பார்கள். திறந்த புத்தகம்! யாரும் வாசிக்கலாம், வாசித்தால் புரியும். மனதில் என்ன இருக்கிறதென்று பிடிகொடுக்காத ஆளை ‘க்ளோஸ்டு புக்’ என்பார்கள். தேவபிள்ளையே, நீ எந்தப் புத்தகம்?

முகத்தைப் புத்தகத்துக்கு ஒப்பிடுவது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். ஷேக்ஸ்பியர் 1606-ஆம் ஆண்டுவாக்கில் எழுதிய மெக்பெத் நாடகத்தில், ராஜாவைக் கொல்ல நினைக்கிறவனின் முகம் புத்தகம்போல எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறதே என்று அவன் மனைவி கவலைப்படுகிறாள். கள்ளமில்லாதவன்போல நடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். அதாவது, புத்தகத்தை மூடச் சொல்கிறாள்! பாவம் செய்ய நினைக்கிறவனுக்கு முதல் தேவை மூடின முகம்தான்.

இப்போது யோவான் 1-ஆம் அதிகாரத்துக்கு வாங்க. பிலிப்பு வந்து இயேசுவைப்பற்றிச் சொன்னதும், நாசரேத்திலிருந்து நல்லது வருமா என்று நாத்தான்வேல் பட்டென்று கேட்டுவிட்டான். மரியாதைக்காகத் தலையாட்டவில்லை. ஆண்டவர் அவனைக் கடிந்துகொண்டாரா? இல்லை! கபடமில்லாதவன் என்று சாட்சி கொடுத்தார். சந்தேகத்தை வெளியே வைத்தான், அதற்குப் பதிலும் கிடைத்தது. சற்று நேரத்திற்குள் அவரை தேவகுமாரன் என்று அறிக்கையிட்டான். மூடி வைத்திருந்தால் அந்தச் சந்தேகம் உள்ளேயே புழுத்துப் போயிருக்கும்.

பவுலைப் பாருங்கள். கொரிந்துவுக்கு வருவதாகச் சொன்ன பயணத்தை மாற்றினார். உடனே, இவர் ஒன்று சொல்லி ஒன்று செய்கிறவர் என்ற பேச்சு எழும்பியது. அவர் என்ன செய்தார்? ‘என் ஊழியம், என் இஷ்டம்’ என்றாரா? நான் எழுதுவதில் நீங்கள் வாசித்துப் புரிந்துகொள்வதைத் தவிர ஒளிவுமறைவு எதுவுமில்லை என்ற கருத்தில் பதில் எழுதி, வராத காரணத்தையும் 2 கொரிந்தியர் 1-ஆம் அதிகாரத்திலேயே சொன்னார். 8-ஆம் அதிகாரத்தில், எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கை விஷயத்தில் யாரும் குறை சொல்லாதபடி, தீத்துவோடு வேறு இரண்டு சகோதரரையும் அனுப்புகிறார். தேவனுக்குத் தெரியும் என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. மனுஷருக்கும் தெரியட்டும் என்றார். அல்லேலூயா!

அப்படியானால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிட வேண்டுமா? இல்லை. அதே நிருபம் 12-ஆம் அதிகாரத்தில் வரும் பரலோகத் தரிசனத்தைப்பற்றிப் பவுல் பேசுவது 14 வருஷம் கழித்துத்தான்! பெருமையைப் பேசாமலிருப்பது தாழ்மை. பிறர் நம்மை நம்பிச் சொன்னதைக் காப்பது உண்மை. உன் பக்கத்தைத் திற. அடுத்தவன் பக்கத்தைப் புரட்டிக் காட்டாதே. ஆனால் உன்னை நம்பினவர்களுக்குத் தெரியவேண்டியதை மறைத்தால், அது கபடம்.

ஜெபத்துக்கு வருகிற சகோதரிகளிடம் நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை, “ஐயா, அவர் மனசுல என்ன இருக்குன்னே தெரியல” என்பதுதான். கடன் வாங்கினது தெரியாது, வேலை போனது தெரியாது. கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. கடனை அடைத்துவிடலாம் பிரியமானவர்களே, உடைந்த நம்பிக்கையை எதைக் கொடுத்து அடைப்பீர்கள்?

தேவன் நம்மை ஏற்கனவே வாசித்துவிட்டார். அத்திமரத்தின் கீழ் இருந்தவனைப் பார்த்தவர் அல்லவா! நாம் திறக்கவேண்டியது அவருக்காக அல்ல, நம்மோடு வாழ்கிறவர்களுக்காக. இன்று இராத்திரி வீட்டில் உட்கார்ந்து, மூடி வைத்த ஒரு பக்கத்தைத் திறவுங்கள். முதலில் அழுகை வரலாம். பிறகு சமாதானம் வரும்.

கர்த்தர்தாமே உங்களுக்குக் கபடற்ற இருதயத்தைத் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.