கேட்காமலே கிடைத்த கொடை

 



பங்குனி போய்ச் சித்திரை பிறக்கும்போது காவிரிப் பாசனத்துக் கிராமங்களின் தோற்றமே மாறிவிடுகிறது. சம்பா அறுவடைக்குப் பின் வயலில் விட்ட உளுந்தும் பயறும் முற்றிப் பறிப்புக்கு வருகின்றன. வேம்பு பூத்து வாசலெல்லாம் உதிர்கிறது. புங்கமரம் புதுத்தளிர் விட்டுப் பளபளக்கிறது. மாமரத்தில் பிஞ்சு தொங்குகிறது. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். ஆகவே ஆற்றில் தண்ணீர் இராது, மணல்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு அந்த மணலே போதும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் சென்னையிலிருந்தும், வளைகுடா நாடுகளிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். ஆண்டு முழுவதும் இரண்டு பேருக்குச் சோறு வடித்த வீட்டில் பெரிய சட்டி அடுப்பேறுகிறது.

இந்த நாட்களில் பயானுக்காகக் கிராமங்களுக்குச் செல்லும்போது பெரியவர்களிடம் இரண்டு விதமான பேச்சை நாம் கேட்கிறோம். "பிள்ளைகள் வந்ததிலிருந்து நிம்மதியாக ஓத முடியவில்லை ஹஜ்ரத், தஸ்பீஹ் மணியைக்கூட ஒளித்து வைத்துவிடுகிறார்கள்" என்று நன்னாமார்கள் சொல்வது ஒன்று. "என்ன விசேஷம் போங்கள், வந்தார்கள், சும்மா இருந்தார்கள், போய்விட்டார்கள், ஓர் இடத்துக்கும் அழைத்துப் போக முடியவில்லை" என்று நன்னிமார்கள் ஏங்குவது மற்றொன்று.

மேலுக்கு வெவ்வேறாகத் தோன்றினாலும் இவ்விரண்டும் ஒரே வேரில் முளைத்தவைதாம். பேரப்பிள்ளையோடு கழியும் சாதாரண நாள் அல்லாஹ்வின் நிஃமத்து என்பதை அறியாமைதான் அந்த வேர். முதலாமவர் அந்த நாளை இபாதத்துக்கு இடையூறு என்று நினைக்கிறார். இரண்டாமவர் அது ஒன்றுமில்லாத வெறும் நாள் என்று நினைக்கிறார். மார்க்கம் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இறைமறை என்ன சொல்கிறது, பாருங்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் இறைவனிடம் ஸாலிஹான ஒரு பிள்ளையைக் கேட்டார்கள். அல்லாஹுத்தஆலா பிள்ளையைக் கொடுத்தான். அத்துடன் நிறுத்தவில்லை. முதுமையில் நன்மாராயம் அனுப்பியபோது இஸ்ஹாக்கைப் பற்றி மட்டுமின்றி, அவருக்குப் பின் வரவிருக்கும் யஃகூபைப் பற்றியும் சேர்த்தே அறிவித்தான். 'அல்அன்பியா' அத்தியாயத்தில் இந்தக் கொடையைக் கூறும் இடத்தில் 'நாஃபிலா' என்ற சொல் வருகிறது. கேட்டதற்கும் மேலாகக் கிடைத்தது என்பது அதன் பொருள். விரிவுரையாளர்களில் பலர், இங்கே அச்சொல் பேரரான யஃகூப் (அலை) அவர்களையே குறிக்கிறது என்று விளக்கம் தருகிறார்கள்.

நாம் நாள்தோறும் சொல்லும் 'நஃபில்' என்ற சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததே. பர்ளு கடமை, விட்டால் குற்றம். நஃபிலோ அன்பினால் செய்வது; அதனைக் கொண்டே அடியான் தன் இறைவனை மேலும் மேலும் நெருங்குகிறான். பிள்ளை வளர்ப்பிலும் இப்படித்தான். உணவு, உடை, கல்வி, ஒழுக்கம் என்று தந்தையின் தலையில் கடமைகள் குவிந்திருக்கின்றன. பிழைப்பைத் தேடி ஓடும் ஓட்டத்தில் அவர் தம் பிள்ளை சிரிப்பதை நின்று பார்ப்பதற்கும் நேரமில்லாமல் போகிறது. அந்த ஓட்டம் ஓய்ந்த பிறகு, அவர் கேட்காமலே, அல்லாஹ் மறுபடியும் ஒரு குழந்தையை அவர் மடியில் வைக்கிறான். இம்முறை கையில் நேரமும் இருக்கிறது. இது நஃபிலான கொடையல்லாமல் வேறென்ன?

சரி, இந்தக் கொடை இபாதத்தைக் கெடுத்துவிடுமா? நமக்கு அழகிய முன்மாதிரியான பெருமானார் (ஸல்) அவர்களிடமே கேட்போம். அன்னாரின் மகளார் ஜைனப் (ரலி) அவர்களுக்கு உமாமா என்றொரு பெண்குழந்தை. அந்தப் பேத்தியைத் தோளில் சுமந்தபடியே பெருமானார் தொழுதார்கள். ஸுஜூதுக்குச் செல்லும்போது இறக்கிவிட்டு, எழுந்து நிற்கும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். இதை அறிவிப்பவர் அபூகதாதா (ரலி) அவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது.

இன்னொரு தடவை தொழவைக்கும்போது ஸுஜூது மிகவும் நீண்டுவிட்டது. ஏதோ நடந்துவிட்டது அல்லது வஹீ இறங்குகிறது என்று ஸஹாபாக்கள் எண்ணினார்கள். தொழுகை முடிந்து கேட்டபோது, பேரப்பிள்ளை தம் முதுகில் ஏறிக்கொண்டதாகவும், ஆசை தீருமுன் அவசரப்பட்டு இறக்கிவிட மனம் வரவில்லை என்றும் சொன்னார்கள். இது நஸயீயில் வரும் செய்தி. படைப்பினங்களில் மிகச் சிறந்தவரின் ஸுஜூதையே ஒரு குழந்தை நீட்டியது, குறைக்கவில்லை! தஸ்பீஹ் மணியை ஒளித்து வைக்கும் பேரன் நம் இபாதத்தைக் குறைத்துவிடுவானா?

ஹன்ளலா (ரலி) என்ற தோழர் ஒரு நாள் கலங்கிப்போய்ப் பெருமானாரிடம் வந்தார். சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் நிற்கின்றன. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்ததும் பெரும்பகுதி மறந்துபோகிறது. இது நயவஞ்சகமாகுமோ என்று அஞ்சினார். பெருமானார் அவரைக் கண்டிக்கவில்லை. அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்ற கருத்தில் அவர் மனத்தைத் தேற்றினார்கள். வீட்டாரோடு மகிழும் நேரமும் முஃமினுடைய வாழ்வின் பகுதிதான் என்பது இதிலிருந்து நமக்குத் தெரிகிறது. ஆனால் வக்து வந்ததும் எழுந்துவிட வேண்டும். பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பர்ளை விடுவதற்கு இதில் ஆதாரம் தேடக்கூடாது.

அடுத்து, விசேஷம் ஒன்றுமில்லை என்று ஏங்குவோருக்கு ஒரு வார்த்தை. தன் இருப்பிடத்தில் அச்சமின்றி, உடல் நலத்தோடு, அன்றைய உணவும் கையிலிருக்க ஒருவர் விடிந்தெழுந்தால், உலகம் முழுவதும் அவருக்காகத் திரட்டித் தரப்பட்டது போலாகும் என்ற கருத்தில் பெருமானார் அருளியது திர்மிதியில் உள்ளது. அச்சமின்மை, ஆரோக்கியம், ஒரு நாள் உணவு. இம்மூன்றிலே உல்லாசப் பயணம் இல்லை, விருந்து இல்லை, புதுத்துணியும் இல்லை. வெறும் நாள் என்று நாம் தள்ளிவிட்ட அந்த நாளைத்தான் முழு உலகத்துக்கு ஒப்பாக்கினார்கள்.

மதீனாவில் பருவத்தின் முதல் கனி பழுத்ததும் மக்கள் அதைப் பெருமானாரிடம் கொண்டுவருவது வழக்கம். அன்னார் அதை வாங்கி, கனியிலும் ஊரிலும் அளவைகளிலும் பரக்கத்து வேண்டி துஆச் செய்துவிட்டு, அங்கிருக்கும் பிள்ளைகளில் மிகச் சிறிய பிள்ளையை அழைத்து அதன் கையில் கொடுத்துவிடுவார்கள். இதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் பதிந்திருக்கிறார்கள். புதுக்கனியும் புதுத்தளிரான குழந்தையும்! இளவேனிலில் நாம் செய்வதற்கு இதைவிட இலகுவான ஸுன்னத்து எது? உங்கள் கொல்லை மரத்தில் முதல் மாம்பழம் பழுத்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லி, பரக்கத்து வேண்டி, வீட்டிலுள்ள மிகச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சாறு முழங்கை வரை வழிய அது தின்பதைச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். அன்றைய நாள் வீணாகவில்லை.

பஜ்ரு தொழுதபின் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் நடந்து வாருங்கள். வெடித்துக் கிடக்கும் நிலத்தைக் காட்டுங்கள். மழை பெய்ததும் இதே நிலம் பச்சைப் பசேலென்று எழும். இறந்த பூமியை எழுப்புகிறவனே நம்மையும் கப்றிலிருந்து எழுப்புவான் என்று சொல்லிக் கொடுங்கள். குர்ஆன் பல இடங்களில் காட்டும் சான்று இதுதான். கோடைமழை வந்தால் பிள்ளைகளை விரட்டாதீர்கள். பெருமானாரும் மழை பெய்தபோது ஆடையைச் சற்று விலக்கித் திருமேனி நனையவிட்டு, அது தம் இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்தது என்ற கருத்தில் காரணம் சொன்னார்கள். பேத்தியை அழைத்துக் கொல்லையில் ஒரு மரக்கன்று நடுங்கள். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ தின்றால் அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்பதைச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அவள் வந்ததும் முதலில் அந்தக் கன்றைத்தான் ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

கைப்பேசியைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைத்தால் பிள்ளை சத்தமில்லாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் ஆயிரம் மைல் தாண்டி வந்த பிள்ளை மூலையில் சத்தமில்லாமல் இருப்பதற்காகவா வந்தது? தவறிய தொழுகைக்குக் களா உண்டு. தவறிப்போன பேரனின் ஐந்தாம் வயதுக்குக் களா இல்லை.

பத்துப் பிள்ளைகளைப் பெற்ற அக்ரஃ என்ற தலைவர், பெருமானார் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைக் கண்டு, தாம் ஒரு பிள்ளையைக்கூட முத்தமிட்டதில்லை என்று வியந்து சொன்னார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். ஹஸனையும் ஹுஸைனையும் இவ்வுலகில் தமக்கு வாய்த்த இரு ரைஹான்கள், நறுமணச் செடிகள் என்றே பெருமானார் சொன்னார்கள்.

இந்த மகிழ்ச்சிக்கு ஒரு பொறுப்பும் உண்டு. அதை நாம் மறந்துவிடலாகாது. சில வீடுகளில் பேரப்பிள்ளைகள் வருவதில்லை. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல், மருமகளோடு பேச்சில்லை. பெரியவர்களின் கோபத்துக்குச் சிறுபிள்ளைகள் ஈடாகிறார்கள். ஒரே தெருவில் இருந்தும் நன்னாவின் முகம் அறியாமல் வளரும் பிள்ளைகள் உண்டு. உறவைத் துண்டிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்பது நமக்குத் தெரியும். முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பதும் தெரியும். அந்த ஸலாமைப் பெரியவரே முந்திச் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? மாங்காயைக் கொடுத்தனுப்புங்கள், பிள்ளைகளை வரச் சொல்லுங்கள்.

தந்தையை இழந்த பேரப்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மகன் உயிரோடிருக்கையில், முன்பே மவுத்தாகிவிட்ட மற்றொரு மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனாரின் சொத்தில் வாரிசுப் பங்கு வருவதில்லை. ஆனால் ஷரீஅத் வாசலை அடைத்துவிடவில்லை. வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத் எழுதலாம். உயிரோடிருக்கும்போதே அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். எகிப்தில் 1946-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பிள்ளைகளுக்கான வஸிய்யத்தைக் கட்டாயமாகவே ஆக்கியது. நம் நாட்டில் முஸ்லிம்களுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ஆகவே அது பாட்டனாரின் கையில்தான் இருக்கிறது. அந்த அனாதைப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உங்கள் முற்றத்தில்தானே விளையாடுகிறது! நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நம் நாயகம் (ஸல்) அவர்களே அத்தகைய பேரப்பிள்ளையாக இருந்தவர்கள்தாம். தந்தை அப்துல்லாஹ் முன்பே மறைந்தார். குழந்தைப் பருவத்தை ஹலீமா அம்மையாரின் பொறுப்பில் மக்காவுக்கு வெளியே, ஆடு மேயும் நாட்டுப்புறத்தில் கழித்தார்கள். ஆறு வயதில் தாயையும் இழந்தபின் பாட்டனார் அப்துல் முத்தலிப் அரவணைத்தார். கஃபாவின் நிழலில் அவருக்காக விரித்த விரிப்பில் அவருடைய மக்களே உட்காரத் தயங்குவார்கள். பேரரோ உரிமையோடு போய் உட்காருவார்கள். தடுக்க வந்தவர்களை அப்துல் முத்தலிப் தடுத்துவிட்டு, முதுகைத் தடவிக்கொடுத்து மகிழ்வார். அந்தப் பாசம் இரண்டே ஆண்டுகள்தான். பேரருக்கு எட்டு வயதாகும்போது அவர் இறந்தார். இறக்குமுன் அபூதாலிபிடம் பேரரை ஒப்படைத்துவிட்டே கண்மூடினார். அந்த இரண்டாண்டுகளில் ஒரு பாட்டனார் விரிப்பில் இடம் கொடுத்ததை வரலாறு இன்றளவும் நினைவில் வைத்திருக்கிறது.

யூஸுஃப் (அலை) அவர்கள் சிறையில் இருந்தபோது தம் மார்க்கத்தைப் பற்றிப் பேசுகையில், இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் என்று முன்னோரின் பெயர்களைச் சொல்லியே அவர்களின் வழியில் நிற்பதாகக் கூறினார்கள். தூர தேசத்தில், துணையில்லாத இடத்தில் நம் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் நிற்கக்கூடும். அப்போது அவர்களின் நாவில் யார் பெயர் வர வேண்டும் என்பதை இந்தச் சித்திரை நாட்கள் தீர்மானிக்கின்றன.

ரபீஉல் அவ்வல் என்ற பெயரில் வசந்தம் இருக்கிறது. ஆனால் பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவானதால் அம்மாதம் வெயிலுக்கும் மழைக்கும் பனிக்கும் நகர்ந்துபோய் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. எழுபது வயதானவர் அந்தச் சுற்றை இரண்டு முறை பார்த்திருப்பார். மூன்றாம் சுற்று நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மரத்தின் வசந்தம் போய்விடும், பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிடுவார்கள். அதனால்தான் குர்ஆனைத் தம் உள்ளத்தின் வசந்தமாக ஆக்கும்படி இறைஞ்சப் பெருமானார் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வசந்தம் உள்ளத்தில் இருந்தால், வாசலில் உதிரும் வேப்பம்பூவிலும் மடியில் உறங்கும் குழந்தையிலும் கொடுத்தவனின் கையை நாம் காண்போம்.

வல்ல ரஹ்மான் நம் மனைவி மக்களையும் பேரப்பிள்ளைகளையும் நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! பிரிந்திருக்கும் குடும்பங்களைச் சேர்த்து வைப்பானாக! அவன் தந்த சாதாரண நாட்களுக்கு ஷுக்ரு செய்யும் நல்லடியார்களில் நம்மைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.