பெயரும் பொருளே

பிறர் பொருளைக் கவர்தல் தீது என்பதை இளமையிலேயே கற்கிறோம். பிறர் ஈட்டிய பெயரைக் கவர்தல் எத்தகையது? ஒரு கடையின் பெயர், ஒரு கருவியின் புதிய அமைப்பு, ஒரு நூலின் வாசகம் ஆகியவற்றைச் சட்டம் 'அறிவுசார் சொத்து' என்கிறது. மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதமாகக் கொண்ட இல்லறத்தார் இவற்றுக்கு வேலி கட்டலாமா என்னும் ஐயம், தொழில் தொடங்கும் நம் இளைஞர்க்கு எழுதல் இயல்பு.

விடையை நம் பகுதியிலேயே தேடலாம். வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக மலையேறினால், தாண்டிக்குடிப் பகுதிக் காப்பித் தோட்டங்களில் மலைவாழை விளைவதைக் காணலாம். முடிக்கொத்து நோயால் நலிந்த இவ்வாழையை மீட்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்புக் கன்றுகளால் துணைபுரிந்தது. 2008-09ஆம் ஆண்டில் 'விருப்பாச்சி மலைவாழை' புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பொருளின் தரமும் புகழும் அது தோன்றிய நிலத்தைச் சார்ந்தவை என்பதற்கான அரசுப் பதிவே அது. இப்பழம் சேரும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019இல் அக்குறியீட்டைப் பெற்றது.

சமவெளிப் பழத்தை மலைவாழை என்று விற்பவன் எவர் வீட்டுப் பூட்டையும் உடைப்பதில்லை. ஆயினும், தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கள்ளாமை விரதத்தை மாசுபடுத்தும் ஐந்து அதிசாரங்களுள், பொய்யளவையோடு போலிப் பொருள் வாணிகத்தையும் சேர்த்துள்ளது. போலியால் வாங்குபவர் ஏமாறுகிறார். மலைச்சரிவில் உழைத்தவர் உரிய விலையை இழக்கிறார். ஆதலின் பெயரைக் காத்தல் பேராசை அன்று.

காத்தலுக்கும் எல்லை உண்டு. காப்புரிமை 20 ஆண்டுகளில் முடிந்து, கண்டுபிடிப்பு அனைவர்க்கும் பொதுவாகிறது. வணிகக்குறியை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். புவிசார் குறியீடோ, 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்கவோ அடகு வைக்கவோ இயலாத சொத்து. பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் விரதத்தின் சாயலை இதில் காணலாம்.

ஆகவே, தொழில் தொடங்குவோர் முதலில் மூன்று பட்டியல்களை எழுதுதல் நன்று.

தமக்கே உரியவை முதலாவது. தாமே புனைந்த பெயரைப் பிறர் முன்பே பதிந்துள்ளனரா எனத் தேடிய பின்னர்ப் பதிவு செய்க. தாம் கண்ட புதுமுறைக்குக் காப்புரிமை வேண்டுவோர், விண்ணப்பிக்கும் முன் அதனை வெளியிடாதிருக்க.

ஊரார்க்குப் பொதுவானவை இரண்டாவது. மண்ணின் பெயர் அத்தகையது. அங்கு விளைவிப்போர், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்து, மற்றவரோடு கூடி அதனைப் பயன்படுத்துக.

பிறர்க்கு உரியவை மூன்றாவது. இதுவே கடினமானது. புகழ்பெற்ற பெயரில் ஓரெழுத்தை மாற்றித் தம் கடைக்குச் சூட்டிக்கொள்ள மனம் தூண்டும். நீதிமன்றம் அதனைத் தடுக்கக்கூடும். எவர் கண்ணிலும் படாது போயினும், ஏமாற்றும் எண்ணத்தால் வினை வந்து பற்றும்.

நம் பெயரைக் காக்கும் உரிமையையும், பிறர் பெயரைக் காக்கும் கடமையையும் நம் பிள்ளைகளுக்கு ஒருசேரக் கற்பிப்போமாக.