நீங்க எந்தப் பக்கம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எடப்பாடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். சடாரென்று மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு சர்ச். வாசல் கூரைக்கு அடியில் ஒதுங்கினேன்.

தறி ஓட்டிக் காய்ப்பேறிய கையோடு ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். ''ஏனுங்க அங்கயே நனையறீங்க, உள்ள வாங்க.''

''நான் கிறிஸ்டியன் இல்லீங்க.''

''மழைக்கு அது தெரியுங்களா?''

கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார். நோட்டீஸ் எதுவும் நீட்டவில்லை. அதைவிட ஆச்சரியம், 'நீங்க எந்தப் பக்கம்?' என்று அவர் கேட்கவேயில்லை.

இந்தக் கேள்வி உங்களுக்கும் பழக்கமானதுதான். ஊரைச் சொன்னால், ''ஊர்ல எந்தத் தெரு?'' அதையும் சொன்னால், ''அப்பா பேரு?'' வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற மரியாதையான சீமைதான். ஆனால், அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

1623-ல் இதே சீமைக்கு ஒரு இத்தாலியர் வந்தார். ராபர்ட் தெ நோபிலி என்ற தத்துவ போதகர். சேந்தமங்கலத்து ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். சேலத்திலோ வீடு கிடைக்காமல் பொதுச் சத்திரத்தில் தங்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும், நம் ஜனங்கள் தன்னிடம் தயங்காமல் வரவேண்டும் என்பதற்காகவே 1606-ல் மதுரைக்கு வந்ததிலிருந்து ஆளே மாறியவர். காவி உடுத்தினார், கறி விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். இவ்வளவு இறங்கி வந்தவரை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆனால் விலை? 'பரங்கி' என்று உயர்சாதியார் ஒதுக்கிவிடக் கூடாதே என்று, தாழ்த்தப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழகுவதைத் தவிர்த்தார். ஒரு கதவைத் திறக்க இன்னொரு கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்கென்று தனியாகப் பண்டாரசாமிகள் தேவைப்பட்டார்கள். 1640-ல் பல்தசார் த கோஸ்தா அப்படி முதல் பண்டாரசாமி ஆனார். நான் பி.காம். படித்தவன். வரவு என்று ஒன்று எழுதினால், பற்று எங்கே என்று கண் தேடும். இந்தக் கணக்கில் பற்று முழுக்க ஏழைகள் தலையில்.

சகேயு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், ஊரே வெறுத்த ஆள். மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவனை இயேசு கூப்பிட்டு, அவன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போனார். (வருமான வரி ஆபீஸரை நம்மில் யார் அப்படிக் கொண்டாடியிருக்கிறோம்?) ஊர் முணுமுணுத்தது. ஒருவனைச் சேர்த்துக்கொண்டால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே போனார். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவது பெரிய காரியமில்லை. ஜவுளிக்கடை வாசலில் நிற்பவர்கூட அதைச் செய்கிறார். நம்மவர்களே முறைக்கும்போதும், 'உள்ளே வா' என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் விஷயம்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு மாதா கோயில் கட்டினார்கள். கால்சட்டை மாதிரி இரண்டு கால். ஒன்றில் வேளாளர்கள், இன்னொன்றில் நாடார்கள். நடுவில் சுவர். பலிபீடம் மட்டும் பொது. யார் மனமும் கோணாத வரவேற்பு! 1910-ல் இயேசு சபைப் பாதிரிமார்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இடித்தவர்கள் சம்பாதித்தது பகைதான். ஆனால், அன்றைக்குத்தான் அந்தக் கோயிலுக்கு ஒரே வாசல் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. செங்கல் சுவர் போன பிறகும் மனசில் சுவர் நிற்கிற சர்ச்சுகள் நம் மாநிலத்தில் உண்டு. கோயில்களையும் டீக்கடைகளையும் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மழை விட்டது. கிளம்பும்போது அந்தப் பெரியவரிடம் பேச்சுக்கு ஏதாவது கேட்கலாமே என்று வாயைத் திறந்தேன்.

''ஐயா, நீங்க எந்தப்...''

பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது போல. ''பாத்துப் போங்க, படி வழுக்கும்'' என்றார்.