சேமிப்பும் நினைவும்

என் வாப்பா பினாங்கிலிருந்து உம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் உள்ளன. மை மங்கிவிட்டது; ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. ஆயினும் அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அவற்றைப் படிப்பதற்குச் சன்னலின் வெளிச்சமே போதும்.

உம்மாவின் குரலோ என் கைப்பேசியில் இருந்தது. “சாப்பிட்டியா, வாப்பா?” என்று மகனையும் வாப்பாவாக்கி அழைக்கும் குரல். உம்மா மறைந்த மறு ஆண்டு அக்கருவி நீரில் விழுந்தது. பழுது பார்ப்பவர் கூறினார்: “பதிவு இருக்கும் சில்லு கெடவில்லை, அதைத் திறக்கும் திறவுகோல் கருகிப்போன வேறொரு சில்லில் இருக்கிறது.” குரல் இருக்கிறது, ஆனால் இல்லை. இந்நிலைக்கு என்ன பெயரிடுவது?

இத்துன்பம் எனக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086இல் எழுதப்பெற்ற நிலக்கணக்கு நூல், தோலேடுகளில் இன்றும் படிக்கத்தக்கதாய் விளங்குகின்றது. அதன் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பி.பி.சி. நிறுவனம் மக்களின் அன்றாட வாழ்வைத் தொகுத்து ஒளித்தட்டுகளில் பதித்தது. பள்ளிச் சிறுவர் உள்ளிட்ட பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் பங்கு கொண்டனர். பதினாறே ஆண்டுகளில் அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாயின. 2002இல் ஆய்வாளர் அரும்பாடுபட்டு அவற்றை மீட்க வேண்டியதாயிற்று. தோல் பேசிற்று, தட்டு மொழிபெயர்ப்பாளனைத் தேடிற்று.

அவ்வாறாயின் தாளும் தோலும் அழிவற்றனவா? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் இருந்தன. எனவே குற்றம் பொருளின்மீது மட்டுமன்று.

நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பனையோலை நெடுங்காலம் நில்லாது. எனினும் பழந்தமிழ் நூல்கள் நம்மை வந்தடைந்தன. எவ்வாறு? ஓலை சிதையுமுன் ஒருவன் அமர்ந்து படியெடுத்தான். எழுத்தாணி பிடித்தவன் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணால் கண்டான். எது வேண்டும், எது வேண்டா என்று தேர்ந்தான். அந்த உழைப்பே நினைவு. ஓலை அதன் இருப்பிடம்.

நாமோ ஆயிரக்கணக்கில் படம் பிடிக்கின்றோம், திரும்பப் பார்ப்பதில்லை. சேமித்துவிட்டோம் என்ற எண்ணமே நினைக்கும் கடமையிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றது. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கலாம் என்னும் விதியைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. இறந்தவர் எங்ஙனம் திரும்ப நுழைவார்? தமக்குப் பின் தம் பதிவுகளைப் பெற ஒருவரை முன்னரே குறித்துவைக்கும் வழியும் அங்கு உண்டு. நம்மில் எத்தனை பேர் அதனைச் செய்திருக்கின்றோம்? நிலத்துக்கும் நகைக்கும் வாரிசைக் குறிக்கும் நாம், குரலுக்கும் முகத்துக்கும் குறிப்பதில்லை.

கருவியை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. அது இன்றேல், கடல் கடந்து வாழ்ந்த நான் உம்மாவின் குரலை வாரந்தோறும் கேட்டிருக்க முடியாது. ஆயினும் மறைந்தோரின் நினைவு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பூட்டி வைப்பதோடு கடமை தீராது. அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும், வேறிடத்தில் படியெடுக்க வேண்டும், உரியவர் கையில் சேர்க்க வேண்டும்.

சென்ற வாரம் ஒரு குறிப்பேட்டை எடுத்து, உம்மா அச்செய்திகளில் சொன்னவற்றை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன். நான்கு பக்கங்களே நிரம்பின. நூற்றுக்கணக்கான செய்திகள் கையிலிருந்த காலத்தில், அவற்றுள் ஒன்றையேனும் நான் இரண்டாம் முறை கேட்டதில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.